ஆக்சிஜன் இல்லாத தூய நீரில் செம்பு அரிக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே வரியில் பதில் சொல்ல முடியுமா?

முடியும். ஆக்சிஜன், சல்ஃபைடு, அதிக அளவு குளோரைடு, அமிலம் ஆகிய எதுவும் இல்லாத தூய நீரில் செம்பு, நடைமுறையில் பொருட்படுத்தத்தக்க அளவில் அரிப்பதில்லை. இந்த ஒரு வரியை ஸ்வீடனில் சில ஆய்வாளர்கள் 1986 முதல் மறுத்து வந்தார்கள். அவர்கள் காட்டிய அளவீடுகளை எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. அந்த மறுப்பில் எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்பதை விளக்குவதற்காகவே மற்ற கேள்விகள்.

எங்கள் வீட்டுச் செம்புக் குடத்தில் வெறும் தண்ணீர்தான் வைக்கிறோம். ஆனாலும் களிம்பு பிடிக்கிறதே?

குடத்தில் இருப்பது வெறும் தண்ணீர் அன்று. சென்னையின் வெயிலில், 30 டிகிரி வெப்பநிலையில், காற்றோடு தொடர்புள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். அதோடு கார்பன் டைஆக்சைடும் கரைந்து நீரைச் சற்றே அமிலமாக்கும். குழாய் நீரானாலும் ஆழ்துளைக் கிணற்று நீரானாலும் குளோரைடும் பைகார்பனேட்டும் இருக்கும்; கடலோரப் பகுதிகளின் கிணற்று நீரில் குளோரைடு இன்னும் கூடுதல். இவை எல்லாம் சேர்ந்தே முதலில் பழுப்பான ஆக்சைடு படலத்தையும், பிறகு பச்சைக் களிம்பையும் உண்டாக்குகின்றன. புளி போட்டுத் தேய்க்கும்போது அந்தப் படலம் புளியின் அமிலத்தில் கரைந்து, அடியிலுள்ள உலோகம் மீண்டும் தெரிகிறது.

செம்பில் களிம்பு உடன்பிறந்தது என்று சைவ சித்தாந்தம் உவமை சொல்வதுண்டு. உயிரோடு ஒட்டிய அழுக்கான மலத்தை விளக்குவதற்கு அது அழகான உவமைதான். ஆனால் வேதியியல் கணக்கில் களிம்பு முழுவதும் வெளியிலிருந்து வருவது. ஒரு லிட்டர் நீரில் உள்ள 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் முழுவதும் செலவானாலும், அது அதிகபட்சம் 60 மில்லிகிராம் அளவு செம்பைத்தான் ஆக்சைடாக மாற்றும். அந்த இழப்பை 100 சதுர சென்டிமீட்டர் பரப்பில் பரப்பினால் ஒரு மைக்ரோமீட்டர் தடிமன்கூட வராது. பாத்திரத்தைக் காற்றுப் புகாமல் மூடிவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். திறந்த குடத்தில் காற்று ஆக்சிஜனைத் தொடர்ந்து ஊட்டுவதால்தான் களிம்பும் தொடர்கிறது.

ஆர்ஓ நீர், கேன் தண்ணீர், பேட்டரிக்கு ஊற்றும் வடித்த நீர் ஆகியவை தூய நீர்தானே?

உப்புக் கணக்கில் அவை ஓரளவு தூயவை. ஆக்சிஜன் கணக்கில் அல்ல. ஆர்ஓ சவ்வு உப்புகளைத் தடுக்குமே தவிர, கரைந்த வாயுக்களைத் தடுக்காது. நீரைக் கொதிக்க வைத்தால் ஆக்சிஜனில் பெரும்பகுதி வெளியேறும், ஆறும்போது திரும்பக் கரைந்துவிடும். ஆய்வகத்தில் மிகத் தூய நீர் என்று சொல்லப்படுவது 25 டிகிரியில் சென்டிமீட்டருக்கு 0.055 மைக்ரோசீமென்ஸ் மட்டுமே மின்கடத்தும் நீர். அதற்குமேல் நைட்ரஜனையோ ஆர்கானையோ நீண்ட நேரம் செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்ற வேண்டும்.

இரும்பு ஆக்சிஜன் இல்லாமலும் நீரில் அரிக்கும் என்கிறார்கள். செம்பு மட்டும் ஏன் அரிப்பதில்லை?

அரிமானம் என்பது எலக்ட்ரான் கைமாறும் வினை. உலோகம் எலக்ட்ரானைக் கொடுக்க வேண்டும், வேறு ஏதாவது ஒன்று அதை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் அது விரும்பி வாங்கும். ஆக்சிஜன் இல்லாத தூய நீரில் வாங்கக்கூடியது நீரின் ஹைட்ரஜன் மட்டுமே. அப்படி வாங்கினால் அது ஹைட்ரஜன் வாயுவாக வெளிவரும்.

இரும்பு அந்தப் பேரத்துக்கு இசைகிறது. மூன்று இரும்பு அணுக்கள் நான்கு நீர் மூலக்கூறுகளோடு சேர்ந்து மாக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடாகும்போது, வினை எந்தப் பக்கம் நகரும் என்பதைத் தீர்மானிக்கும் கட்டிலா ஆற்றல் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 67 கிலோஜூல் குறைகிறது. ஆகவே வினை தானாக நடக்கும். செம்புக்கோ, இரண்டு செம்பு அணுக்கள் ஒரு நீர் மூலக்கூறோடு சேர்ந்து குப்ரஸ் ஆக்சைடு என்ற செம்பு ஆக்சைடாக மாற வேண்டுமானால் 91 கிலோஜூல் வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும். குப்ரஸ் ஆக்சைடு உருவாகும்போது கிடைப்பது 146, நீரைப் பிரிக்கத் தேவைப்படுவது 237. வரவைவிடச் செலவு அதிகம்.

இருந்தாலும் எந்த வினையும் முழுப் பூஜ்ஜியத்தில் நிற்பதில்லை. 91 கிலோஜூல் என்பதற்குரிய சமநிலையைக் கணக்கிட்டால், 25 டிகிரியில் ஹைட்ரஜனின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் 10 ஆயிரம் லட்சம் கோடியில் ஏறத்தாழ ஒரு பங்கை எட்டும்போதே வினை நின்றுவிட வேண்டும். எந்தக் கருவிக்கும் எட்டாத அளவு அது.

அப்படியானால் சர்ச்சை எங்கிருந்து வந்தது?

ஸ்டாக்ஹோமில் உள்ள அரச தொழில்நுட்பக் கல்லூரியின் குன்னர் ஹுல்ட்குவிஸ்ட் 1986-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தூய நீரில் இட்ட செம்பிலிருந்து ஹைட்ரஜன் வெளிவருவதைத் தாம் அளந்ததாக அவர் எழுதினார். சில குழுக்கள் அதை மறுத்தன, விவாதம் ஓய்ந்தது. பிறகு 2007-இல் பீட்டர் சகாலோஸும் அவரும் மற்றொருவரும் சேர்ந்து புதிய அளவீடுகளோடு மீண்டும் வந்தார்கள். இம்முறை அவர்கள் சொன்ன ஹைட்ரஜன் அழுத்தம் ஏறத்தாழ ஒரு மில்லிபார் (வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரிசையில் இருந்தது. மேலே கண்ட ஆற்றல் கணக்கு, அதாவது வெப்ப இயக்கவியல், அனுமதிக்கும் அளவைவிட அது பல லட்சம் கோடி மடங்கு அதிகம்.

2009-இல் அதே குழு வேறொரு சான்றையும் முன்வைத்தது. பதினைந்து ஆண்டுகளாக வைத்திருந்த கண்ணாடிக் குடுவைகளில், பல்லேடியத் தகட்டால் மூடிய குடுவையில் செம்பு நிறம் மாறியிருந்தது. பிளாட்டினத்தால் மூடியதில் அப்படி மாறவில்லை. பல்லேடியம் ஹைட்ரஜனை ஊடுருவவிடும், பிளாட்டினம் விடாது. உண்டாகும் ஹைட்ரஜனை அவ்வப்போது வெளியேற்றினால் வினை தொடரும் என்பதே அவர்கள் வாதம்.

கொள்கையளவில் அந்த வாதம் பிழையற்றது. விளைபொருளை அகற்றிக்கொண்டே இருந்தால் எந்தச் சமநிலையும் முன்னோக்கி நகரும். ஆனால் எவ்வளவு வேகத்தில்? செம்பின் மேல் ஒரு சென்டிமீட்டர் அசையாத நீர் இருப்பதாகவும், அதன் மறுபுறத்தில் ஹைட்ரஜன் உடனுக்குடன் அகற்றப்படுவதாகவும் கொள்வோம். மேலே சொன்ன சமநிலை அழுத்தத்தில் கரைந்திருக்கும் ஹைட்ரஜன் நீர் வழியே ஊர்ந்து வெளியேறும் வேகத்தைக் கணக்கிட்டால், செம்பின் மேற்பரப்பில் ஒரே ஓர் அணு அடுக்கு அரிக்க ஆயிரம் கோடி ஆண்டு வரிசையில் காலம் தேவைப்படும். பேரண்டத்தின் வயதே 1380 கோடி ஆண்டுதான். ஆகவே குடுவையில் கண்ணுக்குத் தெரிந்த நிறமாற்றத்துக்குக் குப்ரஸ் ஆக்சைடும் ஹைட்ரஜனும் உருவாகும் அந்த வினை காரணமாக இருக்க முடியாது. வேறு ஏதோ நடந்திருக்க வேண்டும். ஒன்று, அடைப்பின் வழியே மிக நுண்ணிய அளவில் காற்று கசிந்திருக்கலாம். அல்லது, அந்த ஆய்வாளர்கள் சொன்னதைப் போல நாம் அறியாத ஒரு செம்புச் சேர்மம் உருவாகியிருக்க வேண்டும்.

ஹைட்ரஜன் வந்ததை அளந்துதானே சொன்னார்கள்? அளவீட்டைக் கணக்கால் மறுக்கலாமா?

கூடாது. இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். ஏட்டுக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஓர் அளவீட்டை ஒதுக்குவது அறிவியல் ஆகாது. ஹைட்ரஜன் வந்தது என்பதை ஏற்றுக்கொண்டு, அது எங்கிருந்து வந்தது என்று தேடுவதே முறை. அப்படித் தேடினால் குறைந்தது மூன்று இடங்கள் அகப்படுகின்றன.

முதலாவது, செம்பின் உள்ளேயே இருக்கும் ஹைட்ரஜன். உருக்கி வார்க்கும்போதும் மின்பகுப்பில் தூய்மையாக்கும்போதும் உலோகத்துக்குள் சிறிதளவு ஹைட்ரஜன் சிக்கிக்கொள்ளும். 100 கிராம் செம்பில் பத்து லட்சத்தில் அரைப் பங்கு எடை ஹைட்ரஜன் இருப்பதாகக் கொண்டால் அது 50 மைக்ரோகிராம். அது முழுவதும் 100 மில்லிலிட்டர் வெற்றிடத்துக்குள் வெளிவந்தால் ஏறத்தாழ 6 மில்லிபார் அழுத்தம் உண்டாகும். சர்ச்சைக்குரிய ஒரு மில்லிபாரைக் காட்ட, உள்ளே சிக்கியதில் ஆறில் ஒரு பங்கு கசிந்தாலே போதும். செம்பு ஓர் அணுகூட அரிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, மேற்பரப்பு. செம்பின் வெளி அடுக்கில் உள்ள அணுக்களோடு நீர் மூலக்கூறு பிளந்து ஒட்டிக்கொள்ளலாம். அப்போது ஹைட்ரஜன் விடுபடும். இது ஓர் அடுக்கோடு நின்றுவிடும், உலோகத்தின் ஆழத்துக்குப் பரவாது. ஆனால் 100 சதுர சென்டிமீட்டர் பரப்பில் அந்த ஓர் அடுக்கு தரும் ஹைட்ரஜன், 100 மில்லிலிட்டர் இடத்தில் 0.02 மில்லிபார் அழுத்தத்தை உண்டாக்கும். நுட்பமான அளவி அதை எளிதில் காட்டிவிடும். சமநிலைக் கணக்கோடு ஒப்பிட்டால் அதுவே மலையளவு. இவ்வளவு மெல்லிய பரப்பு விளைவு இவ்வளவு பெரிய எண்ணாகத் தெரிவதுதான் இந்த விவாதத்தில் பலரைக் குழப்பியது.

மூன்றாவது, பாத்திரம். சோதனைக் கலங்களில் பல துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. எஃகும் தன்னுள் ஹைட்ரஜனைத் தேக்கி வைத்திருக்கும். அதில் உள்ள இரும்பும் குரோமியமும் நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனைத் தரவும் கூடும். செம்பில்லாத அதே கலத்தை, அதே வெப்பநிலையில், அதே காலத்துக்கு வைத்து ஒப்பிட்டால்தான் செம்பின் பங்கு எவ்வளவு என்பது தெரியும்.

மற்ற ஆய்வகங்கள் திரும்பச் செய்து பார்த்தனவா?

செய்தன. ஸ்வீடன் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்துக்காக ஸ்டுட்ஸ்விக் ஆய்வகம் செய்த சோதனையின் அறிக்கை 2011-இல் வெளிவந்தது; அதிலும் ஹைட்ரஜன் வந்தது. ஆக, ஹுல்ட்குவிஸ்ட் இல்லாததைக் கண்டதாகச் சொன்னார் என்று யாரும் பேச இடமில்லை. பிறகு உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஒரு குழு மிகத் தூய செம்பையும் மிகத் தூய நீரையும் கொண்டு, உலோகத்தின் மேற்பரப்பைக் கவனமாகத் தயார் செய்து, ஆக்சிஜன் புகாத பெட்டிக்குள் நீண்ட காலச் சோதனைகளை நடத்தியது. 2017-இல் வெளியான அவர்களின் கட்டுரை, தொடர்ந்து நிகழும் அரிமானத்துக்கான சான்று கிடைக்கவில்லை என்று முடித்தது. என் பார்வையில் இந்த விவாதத்தில் அதிக எடை தர வேண்டியது இந்த உப்சாலா வேலைக்குத்தான். வாயுவை அளப்பதோடு நின்றுவிடாமல் செம்பின் மேற்பரப்பையும் நீரையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். அரிமானம் நடந்திருந்தால் விளைபொருள் எங்காவது இருந்தாக வேண்டும் அல்லவா?

நாம் அறியாத சேர்மம் ஏதேனும் உருவாகலாம் என்ற வாதம் என்ன ஆயிற்று?

செம்பும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த, ஆக்சைடைவிட நிலைத்த ஒரு திண்மம் இருந்தால் வெப்ப இயக்கவியல் கணக்கே மாறிவிடும். அதைத்தான் அந்த ஆய்வாளர்கள் முன்மொழிந்தார்கள். ஸ்டாக்ஹோமின் அதே கல்லூரியைச் சேர்ந்த வேறொரு குழு, குவாண்டம் இயற்பியல் கணக்கீடுகளின் வழியாக இத்தகைய சேர்மங்களைத் தேடி 2012-இல் முடிவுகளை வெளியிட்டது. குப்ரஸ் ஹைட்ராக்சைடு என்ற திண்மம் இருக்க முடியும். ஆனால் அது ஆக்சைடைவிட நிலைத்தன்மை குறைந்தது. தூய நீரைச் செம்பு பிளக்கும் அளவுக்கு ஆற்றல் தரக்கூடிய சேர்மம் எதுவும் அதில் தென்படவில்லை.

ஸ்வீடன் இதற்கு ஏன் இத்தனை ஆண்டுகள் செலவிட வேண்டும்?

அணுமின் நிலையங்களில் பயன்படுத்தி முடித்த எரிபொருளை அங்கே செம்புக் கலங்களில் அடைத்து, ஏறத்தாழ 500 மீட்டர் ஆழத்தில் கருங்கல் பாறைக்குள் புதைக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். கேபிஎஸ்-3 என்று பெயர். ஏறத்தாழ ஐந்து மீட்டர் உயரமுள்ள கலம். உள்ளே வார்ப்பிரும்பு, வெளியே 5 சென்டிமீட்டர் தடித்த செம்பு, அதைச் சுற்றிலும் நீர் பட்டால் ஊதிப் பெருகும் பெண்டோனைட் என்ற களிமண். ஒரு லட்சம் ஆண்டு தாங்க வேண்டும். அவ்வளவு ஆழத்தில் நிலத்தடி நீரில் ஆக்சிஜன் இருக்காது. குழியை மூடும்போது அகப்பட்ட காற்றும் விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே ஆக்சிஜன் இல்லாத நீரில் செம்பு அரிக்குமா என்பது அங்கே திட்டத்தின் அடித்தளக் கேள்வியாயிற்று.

விண்ணப்பம் 2011-இல் கொடுக்கப்பட்டது. 2018 ஜனவரியில் ஸ்வீடனின் நிலம் மற்றும் சுற்றுச்சூழல் நீதிமன்றம், கலத்தின் நீடித்த உறுதி குறித்து ஐந்து ஐயங்களை எழுப்பி, அவை தீரும்வரை ஒப்புதல் தரக்கூடாது என்று அரசுக்குக் கருத்துரைத்தது. ஆக்சிஜன் இல்லாத நீரில் அரிமானம் அவற்றில் ஒன்று. சல்ஃபைடால் உண்டாகும் குழி அரிமானம், சல்ஃபைடால் உண்டாகும் தகைவு அரிமான வெடிப்பு (இழுவிசைக்கு உள்ளான உலோகம் அரித்து வெடிப்பது), ஹைட்ரஜனால் உலோகம் நொறுங்கும் தன்மை பெறுதல், இவற்றில் கதிர்வீச்சின் பங்கு ஆகியவை மற்றவை. கூடுதல் ஆய்வுகளைப் பரிசீலித்து, ஃபோர்ஸ்மார்க்கில் புதைவிடம் அமைக்க அரசு 2022 ஜனவரி 27 அன்று அனுமதி தந்தது. பின்லாந்து இதே முறையில் ஒல்கிலுவோட்டோவில் ஓன்கலோ என்ற புதைவிடத்தைக் கட்ட 2015-லேயே உரிமம் அளித்திருந்தது.

ஹுல்ட்குவிஸ்டின் மைய முடிவை நான் ஏற்கவில்லை. ஆனாலும், அவர் கேட்டிராவிட்டால் இந்தச் சோதனைகளில் பாதிகூட நடந்திருக்காது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஒரு லட்சம் ஆண்டுக்குப் பொறுப்பேற்கும் திட்டத்தில் 'இது பாடநூலிலேயே இருக்கிறது' என்ற பதில் போதாது.

நீதிமன்றம் எழுப்பிய ஐயங்களின் பட்டியலில் உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது எது?

சல்ஃபைடு. செம்பு நீரின் ஹைட்ரஜனுக்கு எலக்ட்ரான் தர மறுப்பது, விளைபொருளாக ஆக்சைடு மட்டுமே கிடைக்கும்போதுதான். சல்ஃபைடு அயனி இருந்தால் செம்பு சல்ஃபைடு உருவாகும். அது மிக நிலைத்த சேர்மம் என்பதால் வினை ஆக்சிஜன் இல்லாமலே தானாக நடந்து ஹைட்ரஜனை வெளியிடும். கூவத்தின் கரையில் மூக்கைத் துளைக்கும் நாற்றத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டு. அத்தகைய காற்றில் செம்பும் வெள்ளியும் கறுப்பது இந்த வகை வினையால்தான். அங்கே காற்றின் ஆக்சிஜனும் துணை நிற்கிறது. ஆழப் பாறை நீரிலோ, சல்ஃபேட்டை உண்டு சல்ஃபைடை வெளியிடும் நுண்ணுயிரிகள் அதைத் தரக்கூடும். கலத்தைச் சுற்றி இறுக்கி அமைத்த பெண்டோனைட் இரண்டு வேலைகளைச் செய்கிறது: தன்னுள் நுண்ணுயிரிகளைப் பெருகவிடாது, வெளியிலிருந்து வரும் சல்ஃபைடை மிக மெதுவாகவே ஊர விடும். ஆகவே அந்தக் களிமண் அரித்துப் போகாமல் இருக்குமா என்ற கேள்விக்குத் தூய நீர்க் கேள்வியைவிட அதிக எடை தர வேண்டும்.

ஆயிரம் ஆண்டுப் பழைமையான செப்பேடுகள் இன்றும் இருக்கின்றனவே, அது சான்றாகாதா?

முதலாம் இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 1905-இல் கண்டெடுக்கப்பட்டவை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கடந்தும் எழுத்துகள் படிக்கக் கிடைக்கின்றன. செம்பின் பொறுமைக்கு இது சிறந்த காட்சிதான், ஆனால் நம் கேள்விக்குச் சான்று அன்று. செப்பேடுகள் காற்றோடு தொடர்புள்ள சூழலில் இருந்தவை. அவற்றின் உயிர் காத்தது ஆக்சிஜன் இன்மை அன்று, மேலே படிந்த பாதுகாப்புப் படலம். அந்தப் படலத்துக்குள் குளோரைடு நுழைந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் விடை கிடைக்கும். 1930 முதல் இயங்கும் அதன் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம், வெண்கல நோய் என்று சொல்லப்படும் பச்சைப் பொடி அரிமானத்திலிருந்து சிலைகளைக் காக்கும் வேலையில் நீண்ட அனுபவம் உடையது. ஈரமும் ஆக்சிஜனும் குளோரைடும் சேர்ந்தால்தான் அந்த நோய் வளரும்.

நம் கேள்விக்கு நெருக்கமான சான்றுகள் வேறு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கீவீனா தீபகற்பத்துப் பாறைகளுக்குள் செம்பு, தாதுவாக மாறாமல் உலோகமாகவே பல கோடி ஆண்டுகளாக இருந்து வருகிறது. 1676-இல் பால்டிக் கடலில் மூழ்கிய க்ரூனான் போர்க்கப்பலின் வெண்கலப் பீரங்கி ஒன்று கடலடிக் களிமண்ணில் மூன்று நூற்றாண்டு புதைந்திருந்தும் மிகக் குறைவாகவே அரித்திருந்தது.

இந்தியாவில் இத்தகைய செம்புக் கலங்கள் உண்டா?

இல்லை. இந்தியா பயன்படுத்திய எரிபொருளை மறுசுழற்சி செய்கிறது. கல்பாக்கத்திலும் மறுசுழற்சி ஆலை உண்டு. எஞ்சும் உயர் கதிரியக்கக் கழிவு கண்ணாடியோடு சேர்த்து உறையவைக்கப்படுகிறது.

மின்நிலையங்களில் செம்பும் தூய நீரும் சேர்ந்து இருக்கும் இடம் ஏதேனும் உண்டா?

உண்டு, வடசென்னைப் பகுதியின் அனல்மின் நிலையங்களில் வேலை செய்வோருக்கு இது நன்கு தெரியும். பெரிய ஜெனரேட்டர்கள் பலவற்றில், சுழலாத பகுதியான ஸ்டேட்டரின் செம்புக் கம்பிகள் உள்ளீடற்றவை. அவற்றின் ஊடே அயனி நீக்கிய நீர் ஓடி வெப்பத்தை எடுத்துச் செல்லும். மின்னழுத்தம் மிகுந்த இடம் என்பதால் நீர் மின்கடத்தாத அளவுக்குத் தூயதாக இருந்தாக வேண்டும்.

இங்கே கரைந்த ஆக்சிஜனின் அளவை இரண்டில் ஒரு வழியில் வைத்துக்கொள்வார்கள்: லிட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்கும் கீழே, அல்லது 2 மில்லிகிராமுக்கும் மேலே. முதல் வழியில் செம்பை அரிக்க ஆள் இல்லை. இரண்டாம் வழியில் அரிமானம் தொடங்கினாலும் குப்ரிக் ஆக்சைடு நல்ல படலமாக ஒட்டி நின்று மேற்கொண்டு அரிக்காமல் காக்கும். இரண்டுக்கும் நடுவே, லிட்டருக்குச் சில நூறு மைக்ரோகிராம் என்ற அளவில் செம்பு மிக வேகமாகக் கரையும், கரைந்தது வேறிடத்தில் ஆக்சைடாகப் படிந்து குறுகிய நீர்வழிகளை அடைக்கும், கம்பி சூடேறும். பழுதுபார்ப்புக்காக அமைப்பைத் திறந்து மூடும்போது குறைந்த ஆக்சிஜன் நிலையிலிருந்து இந்த நடு எல்லைக்குள் வந்துவிடுவது உண்மையான ஆபத்து. காற்றோடு கார்பன் டைஆக்சைடும் உள்ளே வந்து அமிலத்தன்மையைக் கூட்டும் என்பதால் சேதம் மேலும் பெருகும்.

ஆக்சிஜன் இல்லாத தூய நீர் செம்பை விட்டுவைக்கும் என்பதற்கு, குறைந்த ஆக்சிஜனில் ஆண்டுக்கணக்காக ஓடும் ஜெனரேட்டர்களே நான் காட்ட விரும்பும் நடைமுறைச் சான்று. இருபது மைக்ரோகிராம் என்பது பூஜ்ஜியம் அன்று என்பதும் உண்மை. அந்த மிச்ச ஆக்சிஜன் அளவுக்குச் சிறிது செம்பு கரையத்தான் செய்யும், அதை அயனி மாற்றிப் பிசின்கள் வடித்தெடுக்கும்.

வீட்டு ஏசியின் செம்புக் குழாய் ஓட்டையாவதும் இதோடு தொடர்புடையதா?

இல்லை. எறும்புப் புற்றைப் போல் உள்ளே கிளைத்துச் செல்லும் அந்த ஓட்டைகளுக்குக் காரணம் ஈரம், ஆக்சிஜன், ஃபார்மிக் அமிலம் போன்ற கரிம அமிலங்கள் ஆகியவற்றின் சேர்க்கை. கடற்கரைப் பகுதிகளில் உப்புக் காற்றின் பாதிப்பு தனி.

கல்லூரி ஆய்வகத்தில் இதைச் சோதித்துப் பார்க்கலாமா?

தாராளமாக. ஆனால் ஹைட்ரஜனை அளக்க முயல வேண்டாம். கரைந்த செம்பை அளப்பதே மாணவர்களுக்கு உகந்த வழி. ஒரே தகட்டிலிருந்து வெட்டிய செம்புத் துண்டுகளை நீர்த்த அமிலத்தில் கழுவிப் பழைய ஆக்சைடை நீக்கி, மிகத் தூய நீரால் அலசிக்கொள்ளுங்கள். மூன்று வகைக் குப்பிகள் வேண்டும்: காற்றுள்ள நீரில் செம்பு, நைட்ரஜன் செலுத்திய நீரில் செம்பு, நைட்ரஜன் செலுத்திய நீர் மட்டும். மூன்றாவது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் எதையும் சொல்லாது.

ரப்பர் மூடியை நம்ப வேண்டாம், வாரக்கணக்கில் அதன் ஊடே ஆக்சிஜன் ஊறும். கண்ணாடியை உருக்கி மூடிய குழாய்களே பாதுகாப்பானவை. ஒவ்வொரு வகையிலும் பல குழாய்கள் செய்து, வெவ்வேறு காலங்களில் ஒன்றொன்றாக உடைத்து, நீரில் உள்ள செம்பை அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் அளந்து, காலத்துக்கு எதிராக வரைபடம் போடுங்கள். நைட்ரஜன் செலுத்திய குழாய்களில் தொடக்கத்தில் சிறிது செம்பு தெரியும். மேற்பரப்பில் மிஞ்சிய ஆக்சைடும் நீரில் எஞ்சிய ஆக்சிஜனும் தருவது அது. கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு வரும் புள்ளிகளை: அவை கிடையாக நின்றால் வினை நின்றுவிட்டது, தொடர்ந்து ஏறினால், வேறு எதையும் முடிவு செய்வதற்கு முன் குழாயின் அடைப்பைச் சோதித்துப் பாருங்கள்.